கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தைத் தடுக்கப் புரோபயாடிக் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி இதுதான்: முதல் கர்ப்பத்தின் 35-ஆவது வாரத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறியதால் அவசரமாகப் பிரசவம் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது இரண்டாவது கர்ப்பம். 10 வாரம் ஆகிறது. குடலில் நல்ல பாக்டீரியாக்கள் பெருகினால் இரத்த அழுத்தம் ஏறாது, ஆகவே நாள்தோறும் ஒரு புரோபயாடிக் மாத்திரை, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை, எடுத்துக்கொள் என்று நெருங்கிய ஒருவர் சொல்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

இரத்த அழுத்தத்தைத் தடுக்கும் நோக்கத்துடன் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். அந்த மாத்திரை வீண் செலவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளிடம் இதுவரை முறையாக நடத்தப்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எந்த நோயைத் தடுக்கும் என்று உங்களிடம் சொல்லப்படுகிறதோ அதே நோய், மாத்திரை எடுத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. உங்கள் நிலையில் உள்ளவர்களுக்குப் பயன் தருவதாக நிறுவப்பட்ட ஒரு மருந்து இருக்கிறது. அதைத் தொடங்க வேண்டிய காலம் இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. புரோபயாடிக் பற்றிய பேச்சில் அந்தக் காலம் நழுவிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை பதிவானால் அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும். 160/110-ஐத் தொட்டால் உடனடியாகச் சிகிச்சை தேவைப்படும் கடுமையான நிலை. கர்ப்பத்துக்கு முன்பே இருந்ததோ 20 வாரத்துக்குள் கண்டறியப்பட்டதோ நாட்பட்ட உயர் இரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தோன்றினால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைதல், கல்லீரல் நொதிகள் ஏறுதல், சிறுநீரகம் தளர்தல், நுரையீரலில் நீர் கோத்தல், விடாத தலைவலி போன்றவற்றில் ஏதேனும் சேர்ந்தாலோ அதற்குப் பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது முன்சூல்வலிப்பு என்று பெயர். வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. முதல் கர்ப்பத்தில் உங்களுக்கு வந்தது முன்சூல்வலிப்பு என்றே நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது. 34 முதல் 37 வாரத்துக்குள் அதனால் பிரசவம் ஆனவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது வரக்கூடும். நால்வரில் மூவருக்கு வருவதில்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

இந்த நோய் வெளிப்படுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் என்றாலும், அதன் வேர் மிக முன்னதாகவே ஊன்றிவிடுகிறது. கரு பதிந்த பிறகு நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளின் இறுக்கமான சுவரைத் தளர்த்தி அகலப்படுத்துகின்றன. குழந்தைக்கு வேண்டிய இரத்தம் தடையின்றிப் பாய வழி செய்வது இந்த மாற்றந்தான். கர்ப்பத்தின் முற்பாதியிலேயே நடந்து முடியவேண்டிய இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால், நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. அந்த நெருக்கடியில் அது தாயின் இரத்தத்துக்குள் சில புரதங்களை அளவுக்கு மீறி வெளியிடுகிறது. புதிய இரத்தக்குழாய்களின் வளர்ச்சிக்கும் உள்படலத்தின் நலத்துக்கும் துணைநிற்கும் காரணிகளை அந்தப் புரதங்கள் பிடித்து முடக்கிவிடுகின்றன. விளைவாக உடலெங்கும் இரத்தக்குழாய்களின் உள்படலம் பாதிப்படைகிறது. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, மூளையும் கல்லீரலும் துன்புறுகின்றன. முன்சூல்வலிப்பு இரத்த அழுத்தமானியில் தெரிகிற எண்ணோடு நின்றுவிடும் நோயன்று. நஞ்சுக்கொடியில் தொடங்கி எல்லா உறுப்புகளையும் தொடும் நோய் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் புரோபயாடிக் வாதத்தின் பலமும் பலவீனமும் விளங்கும்.

உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் ஆதாரமே இல்லாமல் பேசவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கர்ப்பிணி அல்லாதவர்களிடம் நடந்த ஒன்பது சோதனைகளை, மொத்தம் 543 பேரின் தரவுகளை, 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 3.56 புள்ளியும் கீழ் அழுத்தம் 2.38 புள்ளியும் குறைந்திருந்தன. குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து உண்டாக்கும் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்கள் இரத்தக்குழாய்களின் இறுக்கத்தையும் அழற்சியையும் பாதிக்கின்றன என்பதும் உண்மை. முன்சூல்வலிப்பு உள்ள பெண்களின் குடலில் ஃபியூசோபாக்டீரியம், வெய்லனெல்லா ஆகியவை கூடியும், அக்கர்மான்சியா, ஃபீக்கலிபாக்டீரியம் ஆகியவை குறைந்தும் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். அந்தப் பெண்களின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, கருவுற்ற எலிகளிடம் அழுத்தம் ஏறுதல் உள்ளிட்ட நோய்க்குறிகள் தோன்றின. குடலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று நம்ப இது வலுவான காரணம். ஆனால் தொடர்பு இருக்கிறது என்பது வேறு, கடையில் கிடைக்கும் மாத்திரையில் உள்ள பாக்டீரியா அந்தத் தொடர்பைச் சீர்செய்யும் என்பது வேறு. நோயாளிகளிடம் குறைந்திருந்ததாகக் கண்ட அக்கர்மான்சியாவும் ஃபீக்கலிபாக்டீரியமும் வழக்கமான புரோபயாடிக் மாத்திரைகளில் இருப்பவை அல்ல. அவற்றில் பெரும்பாலும் இருப்பவை லாக்டோபசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் இனங்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றிய நம்பிக்கையூட்டும் செய்தி நார்வேயிலிருந்து வந்தது. அந்த நாட்டில் பல்லாயிரம் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வில், முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த 33,399 பெண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். புரோபயாடிக் சேர்த்த பால் பொருள்களை மிகுதியாக உட்கொண்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிட முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது. கடுமையான வகையைப் பொறுத்தவரை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. அதே தரவுகளைக் கொண்டு 2018-இல் வந்த இன்னொரு கட்டுரை, கர்ப்பத்தின் பிற்பகுதியில் குடித்ததற்கும் முன்சூல்வலிப்புக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகவும், கர்ப்பத்துக்கு முன்போ தொடக்கத்திலோ குடித்ததற்கு அந்தத் தொடர்பு இல்லை என்றும் தெரிவித்தது. இணையத்தில் இன்று சுற்றிவரும் "புரோபயாடிக் முன்சூல்வலிப்பைத் தடுக்கும்" என்ற வரியின் பிறப்பிடம் பெரும்பாலும் இந்த நார்வே ஆய்வுதான்.

ஆனால் அந்த ஆய்வில் யாருக்கும் யாரும் எதையும் கொடுக்கவில்லை. பெண்கள் தாங்களாக விரும்பிக் குடித்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், பிறகு யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள். இத்தகைய பாலைத் தேடி வாங்கிக் குடிப்பவர் பொதுவாகத் தம் உடல்நலத்தில் வேறு பல வகைகளிலும் அக்கறை காட்டுபவராக இருப்பார். அவருடைய எடை, புகைப்பழக்கமின்மை, கல்வி, உணவில் உள்ள காய்கனிகள் எல்லாம் சேர்ந்தே அவரைக் காத்திருக்கலாம். ஆய்வாளர்கள் தெரிந்த வேறுபாடுகளைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். அளக்கப்படாதவற்றைக் கழிக்க எந்தக் கணக்கும் கிடையாது. தவிர, அவை இரண்டும் முன்சூல்வலிப்பைப் பொறுத்தவரை முதல் பிரசவக்காரர்களைப் பற்றியவை. ஏற்கெனவே ஒருமுறை நோய் கண்ட உங்களைப் போன்றவரைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரே வழி, குலுக்கல் முறையில் பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் புரோபயாடிக்கும் மற்றக் குழுவுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து, யார் எதை எடுத்தார் என்று தெரியாமலே விளைவைப் பார்ப்பதுதான். அவ்வாறு செய்தவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உடல் எடை மிகுந்த 411 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான சோதனை. லாக்டோபசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் அனிமலிஸ் லாக்டிஸ் என்ற இரண்டும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேல், கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாதத் தொடக்கத்திலிருந்து கொடுக்கப்பட்டன. கர்ப்பகால நீரிழிவைத் தடுப்பதே அவர்களுடைய நோக்கம். நீரிழிவு குறையவில்லை, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும் புரோபயாடிக் எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் வந்தது. முன்சூல்வலிப்பு வெற்று மாத்திரைக் குழுவில் 4.9 விழுக்காடு, புரோபயாடிக் குழுவில் 9.2 விழுக்காடு. ஆள்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பத்துப் பேருக்கு எதிராகப் பத்தொன்பது பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் அந்த ஒரு சோதனையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

தீர்ப்புக்கு அருகில் வந்தது, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கப் புரோபயாடிக் உதவுமா என்று ஏழு சோதனைகளில் பங்கேற்ற 1,647 பெண்களின் தரவுகளை அது ஆராய்ந்தது. முன்சூல்வலிப்பைப் பற்றிய விவரம் கிடைத்த நான்கு சோதனைகளில் 955 பெண்கள் இருந்தார்கள். புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு 1.85 மடங்கு, உண்மையான அளவு 1.04-க்கும் 3.29-க்கும் இடையில் இருக்கலாம் என்பது கணக்கு. எல்லா வகை உயர் இரத்த அழுத்தக் கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் 1.39 மடங்கு, ஆனால் அங்கே உண்மையான அளவு 0.96 முதல் 2.01 வரை எங்கும் இருக்கலாம் என்பதால் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. முன்சூல்வலிப்பு பற்றிய முடிவை அந்த ஆய்வாளர்கள் உறுதி மிக்க சான்று என்றே மதிப்பிட்டு, கர்ப்பிணிகளிடம் இனி இத்தகைய சோதனைகளை நடத்துவோர் கவனமாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

நான் அவர்களைவிடச் சற்று நிதானமாகவே இதைப் படிக்கிறேன். 1.04 என்ற கீழெல்லை ஒன்றை ஒட்டியே நிற்கிறது. இன்னும் சில நூறு பேரைச் சேர்த்தால் அது எந்தப் பக்கமும் நகரலாம். இந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உடல் எடை மிகுந்தவர்கள்; அவர்களுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. நோயை எந்த வழியில் அது கூட்டுகிறது என்பதற்கும் நிறுவப்பட்ட விளக்கம் இல்லை. ஆகவே புரோபயாடிக் முன்சூல்வலிப்பை உண்டாக்குகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தடுக்கிறது என்று சொல்வதற்கு இடமே இல்லை. ஒரு பக்கம் தாமாகக் குடித்தவர்களைப் பார்த்துச் சொன்ன நன்மை, மறுபக்கம் குலுக்கிப் பிரித்துக் கொடுத்தபோது தென்பட்ட தீமை. இரண்டும் மோதும்போது பின்னதற்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

இப்படிப்பட்ட ஏமாற்றம் இந்த நோயின் வரலாற்றில் புதியதன்று. வைட்டமின் சி-யும் ஈ-யும் இரத்தக்குழாய்களைக் காக்கும் என்ற எண்ணத்தில், ஆபத்து மிகுந்த 283 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி 1999-இல் வெளியிட்ட சோதனையில், முன்சூல்வலிப்பு 17 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. உலகமே மகிழ்ந்தது. பிறகு 2,400-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதே வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டபோது, இரு குழுக்களிலும் நோய் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது, 15-க்கு 16. வைட்டமின் எடுத்தவர்களின் குழந்தைகளில் எடை குறைந்து பிறந்தவை கூடுதலாக இருந்தன. விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடக்கச் சோதனை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், பெரிய சோதனை அதைக் கவிழ்த்துவிடக்கூடும். புரோபயாடிக்குக்கு அப்படியொரு பளிச்சிடும் தொடக்கச் சோதனைகூட முன்சூல்வலிப்பில் இல்லை.

"இயற்கையானதுதானே, என்ன தீங்கு வந்துவிடும்" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். லாக்டோபசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் போன்ற பாக்டீரியாக்கள் பாலைப் புளிக்கவைக்கும்போது பால் புரதம் உடைந்து சிறு துண்டுகள் உண்டாகின்றன. அவற்றுள் சில, இரத்தக்குழாய்கள் இறுகத் துணைபோகும், ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதியை மட்டுப்படுத்துகின்றன, அழுத்தம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பெருமையாக எழுதுகிறார்கள். அதே நொதியை வலுவாகத் தடுக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் கர்ப்பகாலத்தில் அறவே கூடாதவை. புளித்த பாலில் உள்ள துண்டுகள் அந்த அளவுக்கு வலிமையுள்ளவை அல்ல, ஆகவே பாலைக் கண்டு அஞ்சச் சொல்லவில்லை. மற்றவர்களிடம் நன்மை என்று கணக்கிடப்படும் ஒரு செயல்பாடு கர்ப்பிணியிடம் தானாகவே நன்மையாகிவிடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உணவாகத் தயிர் சாப்பிடுவதை நிறுத்த வேண்டுமா என்று அடுத்துத் தோன்றலாம். வேண்டியதில்லை. காக்ரேன் தொகுப்பில் தென்பட்ட எச்சரிக்கை, குறிப்பிட்ட வகைப் பாக்டீரியாவைப் பெரும் எண்ணிக்கையில் நாள்தோறும் மருந்துபோல் கொடுத்த சோதனைகளிலிருந்து வந்தது. வழக்கமான உணவின் பகுதியாக, காய்ச்சிய பாலிலிருந்து செய்த தயிரைச் சாப்பிடுவதை விடச் சொல்லும் சான்று எதுவும் இல்லை. அது தரும் கால்சியம் உங்களுக்கு வேண்டியதும்கூட. சில நாள்கள் மாத்திரை எடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்காகக் கலங்கவும் வேண்டாம். நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியை அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணத்துக்காக, வயிற்றுப்போக்குக்கு என்று வைத்துக்கொள்வோம், மருத்துவரே புரோபயாடிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் பேசுங்கள். முந்தைய முன்சூல்வலிப்பை மட்டும் மறக்காமல் நினைவூட்டுங்கள்.

இனி, உண்மையில் உதவக்கூடியதற்கு வருகிறேன். முன்பு முன்சூல்வலிப்பு வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பல நாடுகளின் மகப்பேறு மருத்துவ அமைப்புகளும் பரிந்துரைக்கின்றன. தொடங்குவதற்குத் தக்க காலம் 12-ஆவது வாரத்திலிருந்து. 16 வாரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. நஞ்சுக்கொடி தன் வேர்களை ஊன்றும் பருவம் அது என்பதை மேலே சொன்னவற்றோடு பொருத்திப் பாருங்கள். ஆபத்து மிகுந்தவர்கள் என்று முதல் மூன்று மாதப் பரிசோதனையில் கண்டறியப்பட்ட 1,776 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான சோதனையில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 விழுக்காட்டினருக்கும் 37 வாரத்துக்கு முந்தைய முன்சூல்வலிப்பு வந்தது. உங்களுக்கு முதல் முறை வந்ததும் அந்த வகைதான். அளவு நாட்டுக்கு நாடு 75 முதல் 150 மில்லிகிராம் வரை வேறுபடுகிறது. ஆஸ்துமா, இரத்தப்போக்குக் கோளாறு, வயிற்றுப்புண் போன்றவை இருந்தால் கொடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஆனால் அடுத்த பரிசோதனை 16 வாரத்தில்தான் என்றால் அதுவரை காத்திருக்காமல், "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்ற ஒரே கேள்விக்காகவாவது முன்னதாகச் சென்று பாருங்கள்.

உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் கால்சியம் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியான சோதனையில், 500 மில்லிகிராம் கொடுத்தபோதும் முன்சூல்வலிப்பைப் பொறுத்தவரை 1,500 மில்லிகிராமுக்கு இணையாகவே இருந்தது. அதிக மாத்திரைகளை விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கும் கருவி இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கிவைத்து அளந்து, எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். கைப்பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் எண் பொய்க்கும். அழுத்தம் ஏறினால் கொடுப்பதற்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துகள் இருக்கின்றன. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது, அது எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதை ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான சோதனை உறுதிசெய்தது. இவை எல்லாம் உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர்பவருக்கே பயன்படும். விடாத தலைவலி, கண்முன் மின்னல்போல் பளிச்சிடுதல் அல்லது பார்வை மங்குதல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, முகமும் கைகளும் திடீரென்று வீங்குதல், மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

குழந்தை பிறந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில், குறிப்பாக மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், அழுத்தம் மறுபடி உயர்வது வழக்கம். வலிப்பு முதன்முதலாக அப்போது வந்தவர்களும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போதே, எந்த நாளில் அழுத்தத்தைப் பார்க்க வரவேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் நள்ளிரவிலும் வரவேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.